பட்டாளத்துல இருந்து வந்த நம்ம பெரியவங்களுக்கு பண உதவி, பல் வைத்தியம்: வேலூர் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு வழிகாட்டி

கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு, ராணுவப்பேட்டைன்னு சொன்னாதான் நிறைய பேருக்கு தெரியும், அவ்ளோ பேர் அங்கிருந்து பட்டாளத்துக்கு போயிருக்காங்க. அந்த ஊர் மட்டும் இல்ல, குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு, ஆற்காடு, திமிரி, இந்தப் பக்கம் ஆம்பூர் வரைக்கும் பழைய வட ஆற்காடு முழுக்க மிலிட்டரிக்காரர் வீடு இல்லாத தெரு கம்மி. அதுல 15 வருஷத்துக்கு மேல சர்வீஸ் போட்டு பென்ஷனோட வந்தவங்க ஒரு பக்கம். 5 வருஷம் 7 வருஷம் இருந்துட்டு பென்ஷன் இல்லாம வந்து, வாட்ச்மேன் வேலையோ தோல் கம்பெனி வேலையோ பார்த்துட்டு இப்போ 70 வயசு தாண்டி வீட்டுல உக்காந்திருக்கிறவங்க இன்னொரு பக்கம். இந்த ரெண்டாவது கூட்டத்துக்கு உதவி இருக்குன்னு அவங்களுக்கே தெரியறதில்ல, "நமக்குதான் பென்ஷன் இல்லியே, அப்பால எங்க போய் கேக்கறது"ன்னு விட்டுடறாங்க. உண்மையில அவங்களுக்குன்னே தனியா உதவித்தொகை இருக்கு, அதை முழுசா சொல்லணும்னுதான் இதை எழுதறேன், கூடவே பென்ஷன்காரங்களுக்கு பல் வைத்தியம் எப்படி கிடைக்கும்னும் சொல்லிடறேன், ஏன்னா பெரியவங்க கடைசியா கவனிக்கிறது பல்லைதான்.

இது அந்தப் பெரியவரே படிப்பாருன்னு எழுதல. அவரோட பையன், பொண்ணு, மருமக, பேரன், பக்கத்து வீட்டு புள்ளைன்னு யாரு கூட்டிட்டு அலையப் போறீங்களோ உங்களுக்குதான்.

முதல்ல டிஸ்சார்ஜ் புக்கை தேடி எடுங்க

எல்லாமே இதுல இருந்துதான் ஆரம்பிக்குது. சர்வீஸ் முடிஞ்சு வெளிய வரும்போது கொடுத்த சின்ன புத்தகம், பெரும்பாலும் ட்ரங்க் பெட்டி அடியில பாலித்தீன் கவர்ல சுத்தி வச்சிருப்பாங்க. அதை எடுத்ததும் 4 விஷயத்தை பாருங்க. சர்வீஸ் நம்பர், சேர்ந்த தேதி வெளிய வந்த தேதி, எந்த ரேங்க்ல வந்தாரு, அப்புறம் ரொம்ப முக்கியமா வெளிய வந்த காரணம். இந்தக் காரணம் எழுதின வரியை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல, ஆனா மாவட்ட முன்னாள் படைவீரர் நல ஆபிஸ்ல (அதைப் பத்தி பின்னாடி சொல்றேன்) முதல்ல விரல் வச்சு பாக்கறது அந்த வரியைதான். ஏன்னா தானா விருப்பப்பட்டு பென்ஷன் இல்லாம விலகினவங்களையும், தண்டனையா அனுப்பப்பட்டவங்களையும் முன்னாள் படைவீரர்ங்கிற வரையறைக்குள்ள பொதுவா சேர்க்கறதில்ல. சர்வீஸ் காலம் முடிஞ்சு வந்தவங்க, உடம்பு சரியில்லாம மெடிக்கல்ல வெளிய வந்தவங்க, ஆள் குறைப்புல வந்தவங்க எல்லாம் வேற கணக்கு. எந்த வருஷத்துல வந்தாங்கங்கிறதைப் பொறுத்து விதி மாறும், அதனால நீங்களே படிச்சு "இவருக்கு கிடையாது"ன்னு முடிவு பண்ணாம புக்கை கொண்டுபோய் காட்டுங்க.

இன்னொண்ணும் இதுலயே பாருங்க. 60கள்லயும் 70கள்லயும் சேர்ந்தவங்கள்ல பல பேரை கொஞ்ச வருஷம் நேர் சர்வீஸ்ல வச்சுட்டு மிச்சத்தை ரிசர்வுன்னு, அதாவது தேவைப்பட்டா திரும்ப கூப்பிடறதா, எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நேர் சர்வீஸும் ரிசர்வும் சேர்த்து 15 வருஷம் வந்தா ரிசர்விஸ்ட் பென்ஷன்னு ஒண்ணு இருக்கு. புக்குல ரிசர்வுக்கு மாத்தின தேதி இருந்தா அந்தப் பக்கத்தை தனியா ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க, ஆபிஸ்ல இதை வாய் விட்டு கேளுங்க, கேக்காம யாரும் எடுத்து சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

புக் தொலைஞ்சு போச்சா? உடனே மனசு விட்டுடாதீங்க. ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் ஒரு ரெக்கார்ட் ஆபிஸ் இருக்கு, மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன், எம்.இ.ஜி.க்கு (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு, இ.எம்.இ.க்கு (ராணுவத்தோட எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் பிரிவு) செகந்திராபாத், ஆர்ட்டிலரிக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். சர்வீஸ் நம்பர் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. நம்பரும் தெரியலைன்னா பழைய கேன்டீன் கார்டு, யூனிட்ல இருந்து வந்த கடுதாசி, மணியார்டர் ரசீது, மெடல் இருந்தா அதோட விளிம்புன்னு எல்லாத்தையும் பாருங்க, மெடல் விளிம்புல நம்பரும் பேரும் பொறிச்சிருக்கும். பழைய மெடலை எடைக்கு போட்டுடாதீங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுக்காகவும்தான்.

பேரும் பிறந்த தேதியும்

எங்க பக்கத்து கேஸ்ல பாதி சிக்கிக்கிறது இங்கதான். ஆளெடுப்புக்கு வந்த வடநாட்டு கிளார்க் முனுசாமியை முனிஸ்வாமின்னு எழுதியிருப்பாரு, அப்பா பேரு பின்னாடி சேர்ந்து ஒட்டிக்கிட்டிருக்கும், ஆதார்ல இனிஷியலோட இருக்கும். பொண்டாட்டி பேரு இன்னும் மோசம், கல்யாணத்தப்போ ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு, டிஸ்சார்ஜ் புக்குல வீட்டுல கூப்பிடற பேரு. எங்க சொந்தத்துலயே ஒரு பெரியம்மாவுக்கு புக்குல பாப்பம்மாள், ஆதார்ல லட்சுமி. ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்கறதுக்குள்ள அவங்க அலைஞ்ச அலைச்சல் பார்த்தவங்களுக்குதான் தெரியும்.

என் அபிப்பிராயம் என்னன்னா, புக்குல இருக்கிறதை மாத்தறதை விட ஆதாரை புக்குக்கு ஏத்த மாதிரி மாத்தறது சுலபம். ஆனா ஆதார்ல பிறந்த தேதி திருத்தம் பொதுவா ஒரு தடவைதான் விடுவாங்க, பேருக்கு ரெண்டு தடவை, அதனால அவசரப்பட்டு இ-சேவை மையத்துல போய் எதையாவது மாத்திட்டு வந்துடாதீங்க. முதல்ல நல அலுவலகத்துல எந்தத் தேதி, எந்த எழுத்துன்னு கேட்டு தாள்ல எழுதிட்டு வாங்க, அதுக்கப்புறம் மாத்துங்க. அஃபிடவிட் போடணும், விஏஓ கிட்ட சான்று வாங்கணும்னாலும் அதே மாதிரி கேட்டுட்டு பண்ணுங்க, காசு செலவு பண்ணி தப்பான வாசகத்துல வாங்கிட்டு வந்து மறுபடி வாங்கினவங்க நிறைய பேர்.

ரெண்டாவது, மாவட்ட நல அலுவலகத்துல பதிவு

பேரு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், அங்க உதவி இயக்குநர் இருப்பாரு. டெல்லிக்காரங்க பேப்பர்ல ஜில்லா சைனிக் போர்டுன்னு இருந்தாலும் இந்த ஆபிஸ்தான். வேலூர்ல இருக்கு. 2019ல வேலூர் மாவட்டத்தை மூணா பிரிச்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியா வந்ததால, ஆற்காடு சோளிங்கர் ஆளுங்களும் ஆம்பூர் வாணியம்பாடி ஆளுங்களும் எங்க பதியணும்னு முன்கூட்டியே போன்ல கேட்டுட்டு கிளம்புங்க, வயசானவரை பஸ்ல உக்கார வச்சு வீணா கொண்டுபோக வேணாம்.

இங்க பதிவு பண்ணி முன்னாள் படைவீரர் அடையாள அட்டை வாங்கணும். கணவர் தவறிட்டாருன்னா விதவை அட்டை. கையில என்ன எடுத்துட்டு போறதுன்னா டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினல், பென்ஷன் இருந்தா பிபிஓ (பென்ஷன் ஆணை), ஆதார், பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு, போட்டோ, கணவர் தவறியிருந்தா இறப்புச் சான்று. எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ். ஒரிஜினலை காட்டிட்டு கையோட திரும்ப வாங்கிடுங்க, டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினலை யார் கேட்டாலும் "வச்சுட்டு போங்க, நாளைக்கு தரேன்"னு சொன்னா விடாதீங்க.

அங்க போகும்போது பெரியவரையும் கூட்டிட்டு போறது நல்லது. கையெழுத்து, கைரேகைன்னு வரும்ங்கிறது ஒண்ணு. அதை விட, அந்த ஆபிஸ்ல வேலை செய்றவங்கள்ல பட்டாளத்துல இருந்து வந்தவங்களும் உண்டு, எந்த யூனிட், எங்க போஸ்டிங்ன்னு கேட்டு பேச்சு ஆரம்பிச்சா நீங்க சொல்லத் தெரியாததை அவர் சொல்லிடுவாரு. 71 சண்டையப்போ எங்க இருந்தாருன்னு வீட்டுல யாரும் கேட்டிருக்க மாட்டீங்க, அங்க கேப்பாங்க.

பென்ஷன் இல்லாதவங்களுக்கு பணம்

டெல்லியில கேந்திரிய சைனிக் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, பாதுகாப்பு அமைச்சகத்துக்கு கீழ. வருஷா வருஷம் டிசம்பர் 7 கொடிநாள்னு ஸ்கூல்ல ஆபிஸ்ல எல்லாம் சின்ன கொடி குத்தி காசு வாங்குவாங்க இல்ல, அந்த நிதியோட சேர்ந்ததுதான் இங்க சொல்லப்போற உதவிகள்ல பெரும்பாலானது. அதனால இது பிச்சை இல்ல, பெரியவர் கூச்சப்பட்டா இதை சொல்லுங்க, ஊரே போட்ட காசு, அவங்களுக்குன்னே போட்டது.

இதுல முக்கியமானது வறுமை உதவித்தொகை, பெனுரி கிராண்ட்னு சொல்லுவாங்க. 65 வயசு தாண்டின, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் ரேங்க் (நாயப் சுபேதாருக்கு கீழ) வரைக்கும் இருந்த முன்னாள் படைவீரர், இல்ல அவரோட விதவை. நேவி, ஏர்ஃபோர்ஸ்னா அதுக்கு சமமான ரேங்க். முன்னாடி மாசம் 4,000 ரூபாயா இருந்தது, 2025 அக்டோபர்ல அறிவிச்சு நவம்பர் 1க்கு மேல வர்ற விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்காங்க. ஆயுசுக்கும் உண்டு. மாசம் 8,000ங்கிறது கிராமத்துல ரெண்டு வயசானவங்க மருந்து மாத்திரையோட மானமா சாப்பிடற காசு, இதை விட்டுட்டு உக்காந்திருக்காதீங்க. மாசாமாசம் ஒண்ணாம் தேதி டாண்ணு வரும்னு மட்டும் நம்பி கடன் வாங்காதீங்க, சேர்த்து மொத்தமா வர்றதும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோட இருக்காருன்னு சான்று கொடுக்கணும், அதை மறந்தா நின்னுடும்.

அடுத்து மருத்துவ உதவி. பென்ஷன் இல்லாத ஹவில்தார் வரைக்கும் சாதாரண வைத்தியச் செலவுக்கு அதிகபட்சம் 50,000. பெரிய வியாதின்னா தனி, பைபாஸ், ஆஞ்சியோ, வால்வு மாத்தறது, பேஸ்மேக்கர், கிட்னி மாத்தறது, ப்ராஸ்டேட் ஆபரேஷன், மூட்டு மாத்தறது, பக்கவாதம் இந்த மாதிரி பட்டியல் இருக்கு, அதுக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும், புற்றுநோய்க்கும் டயாலிசிஸுக்கும் இதுலயே தனியா வருஷக் கணக்குல. 2023ல இந்தத் தொகைகளை எல்லாம் ஏத்தினாங்க. ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சீட்டு எல்லாம் ஒரிஜினலா கேப்பாங்க, மருந்துக்கடை பில்லுல பேரு இல்லாம வாங்கினா அது வெறும் காகிதம்தான். மெடிக்கல்ல பில் போடும்போதே "தாத்தா பேரை போட்டு குடுங்க"ன்னு கேட்டு வாங்குங்க.

பொண்ணு கல்யாணத்துக்கு உதவி, புள்ளைங்க படிப்புக்கு உதவி ரெண்டும் பென்ஷன் இருக்கிறவங்களுக்கும் உண்டு, ஆனா இதுவும் ஹவில்தார் வரைக்கும்தான். கல்யாணம் 50,000ல இருந்து 1 லட்சமா ஏறியிருக்கு, ரெண்டு பொண்ணுங்க வரைக்கும், விதவை மறுமணம் பண்ணிக்கிட்டாலும் உண்டு, கல்யாணம் ஆகி 180 நாளுக்குள்ள போடணும். படிப்புக்கு ஒரு புள்ளைக்கு மாசம் 2,000, ஒண்ணாவதுல இருந்து டிகிரி வரைக்கும், ரெண்டு புள்ளைங்களுக்கு. தொழிற்படிப்பு சேர்ற புள்ளைங்களுக்கு பிரதமர் ஸ்காலர்ஷிப்னு தனியா ஒண்ணு இருக்கு, பொண்ணுங்களுக்கு மாசம் 3,000, பசங்களுக்கு 2,500, 60 சதவீதம் மார்க் வேணும். ரெண்டையும் ஒரே புள்ளைக்கு போடலாமான்னு கேட்டுட்டு போடுங்க.

இது எல்லாமே கேந்திரிய சைனிக் போர்டோட வெப்சைட்லதான் போடணும். சர்வீஸ் நம்பர், ஆதார், போன் நம்பர், இமெயில் கொடுத்து முதல்ல பதிவு, அப்புறம் எந்த உதவின்னு தேர்ந்தெடுத்து டாகுமென்ட் ஏத்தணும். அது நம்ம மாவட்ட ஆபிஸுக்கு வரும், அவங்க சரி பார்த்து சென்னைக்கு, அங்கிருந்து டெல்லிக்கு. கிராமத்துல இ-சேவை மையத்துல போடறவங்க ஒண்ணு கவனிங்க, போன் நம்பர் இமெயில் ரெண்டும் உங்க குடும்பத்தோடதா இருக்கணும், கடைக்காரரோடத போட்டுட்டா அப்புறம் "இந்த டாகுமென்ட் தெளிவா இல்ல, மறுபடி ஏத்துங்க"ன்னு வர்ற சேதி உங்களுக்கு தெரியாமலே போயிடும், விண்ணப்பம் அங்கயே தூங்கும். டிஸ்சார்ஜ் புக்கை போட்டோ புடிச்சு ஏத்தாதீங்க, பழைய மை வெளுத்துப் போயிருக்கும், கலர்ல ஸ்கேன் பண்ணி ஒவ்வொரு பக்கமும் படிக்கிற மாதிரி இருக்கான்னு பெருசு பண்ணி பார்த்துட்டு ஏத்துங்க.

மாநில அரசு பக்கமும் தொகுப்பு நிதின்னு ஒண்ணு இருக்கு, அதுல கல்வி உதவி மாதிரி சிலது வரும், மாவட்ட ஆபிஸ்ல பட்டியலை கேட்டு வாங்கிக்கோங்க. உடம்பு தெம்பா இருக்கிற, இப்போதான் வெளிய வந்த தம்பிங்களுக்கு 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்துல தொழில் தொடங்க 1 கோடி வரைக்கும் கடன், 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம் இருக்கு. அது தனி விஷயம், இங்க விரிவா போகல.

பென்ஷன் இருக்கிறவங்களுக்கு பல் வைத்தியம்

இவங்களுக்கு வழி இ.சி.ஹெச்.எஸ். தான், 2003 ஏப்ரல் 1ல ஆரம்பிச்ச, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம். வேலூர்ல அதோட பாலிகிளினிக் இருக்கு. பென்ஷன் வாங்கறவரும், குடும்பப் பென்ஷன் வாங்கற விதவையும், சார்ந்திருக்கிற குடும்பமும் சேரலாம். ஒரு தடவை சந்தா கட்டினா போதும், ஆயுசுக்கும். ஹவில்தார் வரைக்கும் 30,000, ஜே.சி.ஓ.க்கு (நாயப் சுபேதார், சுபேதார் மாதிரி ரேங்க்) 67,000ன்னு இருக்கு, 1996 ஜனவரி 1க்கு முன்னாடி ரிட்டையர் ஆனவங்களுக்கும் போர் விதவைகளுக்கும் சந்தா கிடையாது. இந்த ஒரு வரிக்காகவே சொல்றேன், 80 வயசு தாண்டின பழைய ஆளுங்க பல பேர் "30,000 எங்க கட்டறது"ன்னு சேராமலே இருக்காங்க, அவங்க கட்டவே வேணாம். பென்ஷனோட மாசம் 1,000 ரூபா மருத்துவப் படி வாங்கிட்டிருந்தா சேர்ந்ததும் அது நின்னுடும், அந்த ஆயிரத்துக்கு ஆசைப்பட்டு சேராம இருக்கறது என்னைக் கேட்டா நஷ்டம், ஒரே ஒரு ஆபரேஷன் வந்தா போதும் கணக்கு புரியும்.

பாலிகிளினிக்ல பல் டாக்டரும் பல் நாற்காலியும் உண்டு. காலையிலயே போய் கார்டை காட்டி பதிவு பண்ணி பல் டாக்டர்னு சொல்லி டோக்கன் வாங்கணும். பல் புடுங்கறது, அடைக்கறது, சுத்தம் பண்றது மாதிரி வேலைகள் அங்கயே நடக்கும். அங்க முடியாததை பட்டியல்ல இருக்கிற வெளி ஆஸ்பத்திரிக்கோ பல் கிளினிக்குக்கோ ரெஃபரல் எழுதிக் கொடுப்பாங்க. இந்த வரிசைதான் உயிர். முதல்ல பாலிகிளினிக், அப்புறம் ரெஃபரல், அப்புறம்தான் வெளிய. பல்லு வலிக்குதுன்னு தெருமுனை கிளினிக்ல போய் வேர் சிகிச்சை பண்ணி கேப் போட்டுட்டு பில்லை கொண்டுவந்து நீட்டினா காசு திரும்ப வராது. உயிருக்கு ஆபத்தான அவசரம்னா வேற, தாடை உடைஞ்சு போச்சு, முகம் வீங்கி மூச்சு விட முடியல, ரத்தம் நிக்கலன்னா பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியோ அங்க சேருங்க, 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்கு சொல்லிடுங்க.

ரெஃபரல் சீட்டுல தேதி போட்டிருக்கும், அதுக்குள்ள போகணும். எந்த ஆஸ்பத்திரி பட்டியல்ல இருக்கு, அதுல பல் பிரிவுக்கும் சேர்த்து அனுமதி இருக்கான்னு பாலிகிளினிக்லயே கேளுங்க, ஏன்னா இதயத்துக்கு அனுமதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு பல்லுக்கு இல்லாம இருக்கலாம், பட்டியலும் அப்பப்போ மாறும். அழகுக்காக பண்ற வேலை, பல்லை வெள்ளையாக்கறது மாதிரி, இதுல வராது. இம்ப்ளான்ட்டும் கேட்ட உடனே கிடைக்கிற விஷயம் இல்ல. கழட்டி மாட்டற பல் செட்டுக்கு டாக்டர் எழுதினா வழி உண்டு, அதைத்தான் நம்ம பெரியவங்களுக்கு முதல்ல கேக்கணும்.

பென்ஷன் இல்லாதவங்களுக்கு பல்லு

இ.சி.ஹெச்.எஸ். பென்ஷனை வச்சு ஓடற திட்டம்ங்கிறதால இவங்களுக்கு பொதுவா கிடைக்காது. இதைக் கேட்டதும் நிறைய பேர் அங்கயே நின்னுடறாங்க. நிக்காதீங்க. திருவண்ணாமலை ரோட்டுல அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில பல் பிரிவு இருக்கு, ஓ.பி. சீட்டு போட்டு காட்டலாம், புடுங்கறது அடைக்கறது எல்லாத்துக்கும் காசு இல்ல. குடியாத்தம் மாதிரி ஊர்ல இருக்கிறவங்க முதல்ல அங்க இருக்கிற அரசு ஆஸ்பத்திரியிலயே பல் டாக்டர் என்னிக்கு வர்றாருன்னு கேட்டுக்கோங்க. முழு பல் செட் மாதிரி பெரிய வேலைக்கு சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்லயே இருக்கு, காட்பாடியில காலை ட்ரெயின் ஏறினா ஓ.பி. நேரத்துக்கு போயிடலாம், ஆனா செட்டுக்கு பல தடவை போகணும், அதை யோசிச்சு சென்னையில சொந்தக்காரங்க வீடு இருந்தா தங்க வச்சுக்கோங்க.

தனியார்ல பண்ணித்தான் ஆகணும்னா மேல சொன்ன 50,000 மருத்துவ உதவிக்கு பல் செலவை கொண்டுவர முடியுமான்னு மாவட்ட ஆபிஸ்ல முன்னாடியே கேளுங்க, எந்த மாதிரி ஆஸ்பத்திரி பில் செல்லும், டாக்டர் என்ன எழுதணும்னு தெரிஞ்சுட்டு அப்புறம் பல்லுல கை வைங்க. முதல்வர் காப்பீட்டு அட்டை, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கொடுக்குது இல்ல, அது சாதாரண பல் வேலைக்கு உதவாது, ஆனா வாய்ப் புற்றுநோய் மாதிரி பெரிசா ஏதாவது வந்தா கைகொடுக்கும். அட்டை இல்லாதவங்க கலெக்டர் ஆபிஸ்ல போய் எடுத்து வச்சுடுங்க.

பல் செட்டு பண்ணும்போது

எங்க பண்ணினாலும் விஷயம் ஒண்ணுதான். ஆடற பல்லை புடுங்கின உடனே செட்டு மாட்ட முடியாது, ஈறு ஆறி படியணும், முழு செட்டுன்னா ரெண்டு மூணு மாசம் காத்திருக்க சொல்லுவாங்க. அப்புறம் அளவு எடுப்பாங்க, ஒரு தட்டுல குழைச்ச மாவு மாதிரி ஒண்ணை வச்சு வாய்க்குள்ள அழுத்திப் புடிப்பாங்க, ஒரு நிமிஷம் குமட்டல் வரும், மூக்கால மூச்சு விட சொல்லி பக்கத்துல நில்லுங்க. அடுத்த தடவை கடி பாக்கறது, அதுக்கடுத்து மெழுகுல பல்லு பதிச்சு மாட்டிப் பாக்கறது. இந்த மெழுகு செட்டு மாட்டும்போதுதான் வீட்டு ஆளு கட்டாயம் கூட இருக்கணும். உதடு தூக்கிட்டு இருக்கா, பல்லு ரொம்ப பெருசா, பேசும்போது இடிக்குதான்னு அப்போவே சொன்னா மாத்தலாம், கெட்டி பண்ணதுக்கப்புறம் மாத்தறது கஷ்டம். பெரியவங்க டாக்டர் முன்னாடி "நல்லாத்தான் இருக்கு சார்"னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து அலமாரியில வச்சுடுவாங்க. மாட்டின முதல் வாரம் எங்கயாவது உரசி புண்ணாகும், அது எல்லாருக்கும் ஆகறதுதான், திரும்பப் போய் ராவிட்டு வரணும், தானா கத்தியால சுரண்டக் கூடாது. ராத்திரி கழட்டி தண்ணியில போட்டு வைக்கணும், வெந்நீர்ல போட்டா வளைஞ்சுடும்.

போகும்போது சாப்பிடற எல்லா மாத்திரையும் சீட்டோட எடுத்துட்டு போங்க, குறிப்பா ரத்தம் உறையாம இருக்க சாப்பிடற மாத்திரை, சுகர் மாத்திரை. பல்லு புடுங்கணும்னு நீங்களா ரத்த மாத்திரையை நிறுத்திடாதீங்க, டாக்டர் சொல்லட்டும்.

பட்டாளத்துல பழகின பீடி, புகையிலை, கைனி பழக்கத்தை இன்னும் விடாதவங்க நிறைய. வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு மூணு வாரமா ஆறாத புண்ணு, வாய் முழுசா திறக்க முடியாம இறுகறது, இதுல எது இருந்தாலும் பல் செட்டு விஷயத்தை தள்ளி வச்சுட்டு முதல்ல அதை காட்டுங்க. வலி இல்லைங்கிறதால சும்மா இருந்துடாதீங்க, ஆரம்பத்துல வலிக்காது. டார்ச் அடிச்சு நாக்குக்கு கீழயும் கன்னத்து உள்பக்கமும் நீங்களே மாசத்துக்கு ஒருதரம் பாருங்க, அவர் திட்டினாலும் பரவால்ல.

விதவைங்க

கணவர் பென்ஷன் வாங்கிட்டு தவறினாருன்னா குடும்பப் பென்ஷன் மாத்தற வேலையை தள்ளிப் போடாதீங்க, இப்போ எல்லாம் ஸ்பர்ஷ்ங்கிற பாதுகாப்புத்துறை பென்ஷன் வெப்சைட் வழியாத்தான் நடக்குது, மாவட்ட ஆபிஸ்லயும் பொதுச் சேவை மையத்துலயும் உதவி பண்ணுவாங்க. அது ஆனாத்தான் அவங்க பேர்ல இ.சி.ஹெச்.எஸ். கார்டும் சரியாகும். பென்ஷன் இல்லாம தவறினவரோட மனைவிக்கு 65 தாண்டியிருந்தா வறுமை உதவித்தொகை, விதவை அட்டை முதல்ல. கையெழுத்து போடத் தெரியாத அம்மாங்களுக்கு கைரேகை சரியா விழாது, வேலை செஞ்சு தேஞ்சு போயிருக்கும், ஆதார்ல கண் ரேகையும் முகமும் புதுப்பிச்சு வச்சுட்டா வருஷ உயிர்ச்சான்றுக்கு போன்ல முகத்தை காட்டியே முடிச்சுடலாம். பென்ஷன்காரங்களுக்கு அது நவம்பர் மாசம்.

யாருக்கும் காசு கொடுக்காதீங்க

நான் போட்டுத் தரேன், டெல்லியில ஆள் இருக்காங்க, வர்ற பணத்துல இவ்ளோன்னு பேசறவங்க ஊருக்கு ஊரு இருக்காங்க. எங்க பக்கத்துல ஒரு அம்மாகிட்ட அப்படி முன்பணம் வாங்கிட்டு போனவரு விண்ணப்பமே போடல. மேல சொன்ன எந்த உதவிக்கும் ஆபிஸ்ல கட்டணம் கிடையாது, இ-சேவை மையத்துல ஸ்கேன் பண்ற காசு, ஜெராக்ஸ் காசு, பஸ் காசு அவ்ளோதான். போன்ல கூப்பிட்டு பென்ஷன் நின்னுடும், ஓடிபி சொல்லுங்கன்னா உடனே கட் பண்ணிடுங்க, பெரியவர் போன்லயே பெருசா எழுதி ஒட்டி வைங்க.

விண்ணப்பம் போட்டு மாசக்கணக்கா அசையலன்னா முதல்ல வெப்சைட்ல நிலவரத்தை பாருங்க, மாவட்டத்துல நிக்குதா, சென்னையா, டெல்லியான்னு தெரியும். மாவட்டத்துல நின்னா நேர்ல போய் விண்ணப்ப எண்ணை சொல்லி கேளுங்க. அதுக்கும் பதில் இல்லைன்னா சத்துவாச்சாரி கலெக்டர் ஆபிஸ்ல திங்கக்கிழமை மக்கள் குறைதீர் நாள்ல மனு கொடுங்க, முன்னாள் படைவீரர்களுக்குன்னு தனியா குறைதீர் கூட்டமும் நடக்கும், தேதியை மாவட்ட ஆபிஸ்ல கேட்டு வச்சுக்கோங்க. மனுவுல பெரிய கதை வேணாம், பேரு, சர்வீஸ் நம்பர், ரேங்க், எந்த உதவி, விண்ணப்ப எண், போட்ட தேதி, இவ்ளோ போதும். கொடுத்ததுக்கு ரசீது வாங்கி, டிஸ்சார்ஜ் புக் இருக்கிற அதே கவர்ல வச்சுடுங்க.